கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் பாடம்!

1985-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. சோவியத் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் புதிய பாடம் ஒன்று தொடங்கியது. அது கம்ப்யூட்டர் பாடம். ஆனால், பெரும்பாலான பள்ளிகளில் கம்ப்யூட்டரே கிடையாது!

இந்தப் பாடம் வரப் பாடுபட்டவர், ஆந்திரே எர்ஷோவ்.

இவர் 1931-ல் மாஸ்கோவில் பிறந்தார். உலகப் போரின்போது இவர் குடும்பம் இருந்த உக்ரைன் ஊரை ஜெர்மன் படை பிடித்துக்கொண்டது. சிறுவன் என்ன செய்வான்? ஆனாலும் அந்தப் பழி விடவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கச் சேர்ந்தார். எதிரியின் பிடியில் இருந்தவர் என்று காரணம் காட்டி, தொடர விடவில்லை. கணிதப் பிரிவுக்கு மாறினார்.

அங்கேதான் கம்ப்யூட்டர் அவரைப் பிடித்துக்கொண்டது.

புரோகிராம் எழுதும் புரோகிராம்

அந்த நாளில் "பெஸ்ம்" என்ற ரஷியக் கம்ப்யூட்டர், ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு கட்டளையையும் எண்களாக எழுதவேண்டும். ஓர் எண் பிசகினாலும் போச்சு!

சூத்திரத்தைக் கொடுத்தால் போதும். கட்டளைகளை இயந்திரமே தயாரித்துக்கொள்ளும். அப்படி ஒரு புரோகிராமை எர்ஷோவும் தோழர்களும் செய்தனர். அதுபற்றிய அவருடைய புத்தகம் 1958-ல் வெளிவந்தது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது.

பிறகு சைபீரியாவில் உள்ள நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் போனார். பெரிய பெரிய புரோகிராம்கள் செய்தார். ஆனால் மனம் பிள்ளைகளிடம் போயிற்று. எழுதப் படிக்கத் தெரிவதுபோல் புரோகிராமும் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. 1976 முதல் அங்கே கோடை விடுமுறையில் சிறுவர் சிறுமியர் கூடிப் புரோகிராம் கற்றார்கள்.

1985-ல் வந்த பாடப்புத்தகத்தைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் எர்ஷோவ். தொடக்கம், முடிவு போன்ற கட்டளைச் சொற்கள் எல்லாம் ரஷிய மொழியிலேயே இருந்தன. மாணவர்கள் நோட்டில் புரோகிராம் எழுதினார்கள். பக்கத்தில் கட்டம் போட்டு, எந்த அடியில் எந்த எண் வரும் என்று தாங்களே கணக்குப் பார்த்தார்கள். பிள்ளையின் மூளைதான் கம்ப்யூட்டர்!

அதே ஆண்டுகளில் "எலெக்ட்ரானிகா பி.கே. 0010" என்ற வீட்டுக் கம்ப்யூட்டரும் வந்தது. டெலிவிஷன் பெட்டிதான் அதற்குத் திரை. புரோகிராமை டேப் ரிக்கார்டரில் பதிந்து வைக்கவேண்டும். அதன் நினைவு 32 கிலோபைட். அதில் பாதியைத் திரையே விழுங்கிவிடும்! மிச்சமிருந்த 16 கிலோபைட்டில் அந்நாட்டு இளைஞர்கள் விளையாட்டுகளை எழுதிக் குவித்தார்கள்.

எர்ஷோவ் கவிதையும் எழுதுவார். 1988 டிசம்பர் 8-ந் தேதி மாஸ்கோவில் காலமானார். வயது 57. கடிதம், குறிப்பு, கைப்பிரதி என்று எதையும் அவர் வீசி எறிந்ததில்லை. அவை நூற்றுக்கணக்கான கட்டுகளாக இருந்தன.