கடனுக்கு வரம்பு வேண்டிய பேரறிஞர்

அரசியல் சட்டம் என்றவுடன் டாக்டர் அம்பேத்கார் அவர்களை நாம் போற்றுகின்றோம். ஆயின் அப்பெருந்தகை மேனாடு சென்று ஆழ்ந்து ஆராய்ந்தது அரசாங்கத்தின் வரவு செலவையும் கடனையும் நாணயத்தையுமே என்பதை நம்மில் பலர் அறியோம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மோவ் இராணுவ முகாமில் பிறந்த அவர், நம் பம்பாய் மாநகரில் பரேல் பகுதிச் சால் ஒன்றின் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்து பயின்றார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் நியூயார்க் சென்றார். 1915-இல் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தை ஆராய்ந்தார். கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தபோது அதன் கடன் இந்திய மக்களின் தலைமேல் ஏற்றப்பட்டது. செலவழித்தவர் ஒருவர், அடைத்தவர் வேறொருவர் என்னும் அவ்வநீதியை அவர் கண்டார்.

1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவரும் அவர் வகுப்பை நாடினர்; உடன் பணியாற்றிய சிலரோ பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைத் தடுத்தனர். அவர் மனம் தளரவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியும் கிட்டியது. போதாமைக்கு நண்பர் ஒருவரிடம் 5000 ரூபாய் கடன் பெற்று, 1920-இல் இலண்டன் சென்று கல்வியைத் தொடர்ந்தார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாகாண நிதி குறித்த அவரது நூல் 1925-இல் வெளிவந்தது. வரி திரட்டும் பொறுப்பில்லாது செலவு மட்டும் செய்யும் ஆட்சியில் சிக்கனம் நிலையாது என்பது அதன் சாரம்.

1949-இல் அரசியல் நிர்ணய சபையிலும் இதே கருத்து ஒலித்தது. மத்திய அரசாங்கம் வாங்கும் கடனுக்குப் பாராளுமன்றம் சட்டத்தால் வரம்பு விதிக்கலாம் என்று 292-ஆம் விதி கூறுகின்றது. அவ்வதிகாரத்தைப் பாராளுமன்றம் பயன்படுத்த வேண்டுமென அவர் விரும்பினார். நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியதோ 2003-இல்தான். அவர் மறைந்தது 1956 டிசம்பர் 6.

இக்கடனால் பயன் யாருக்கு? இதை அடைப்பவர் யார்? நாட்டுக்குரிய இவ்விரு வினாக்களும் நம் கோவண்டி இல்லங்களுக்கும் உரியனவே. திருமணப் பந்தலுக்கும் பொன்னுக்கும் அஞ்சாது வட்டிக்கு வாங்கும் நாம், மகளின் கல்லூரிக் கட்டணம் என்றால் மட்டும் தயங்குகின்றோம். கடனுக்கு வரம்பு வேண்டிய பேரறிஞரே கல்விக்காகக் கடன் பெற்றவர் என்பதை நம் பெற்றோர் நினைவிற்கொள்வாராக.

வாழ்க அவர் புகழ்!