நம்பர் 1 Vs நம்பர் 102: 'தேறமாட்டார்' எனக் கழிக்கப்பட்ட ஜானி யூனைட்டஸ் ஜாம்பவான் ஆனது எப்படி?

அமெரிக்க ஃபுட்பாலில் அணியின் மூளை என்றால் அது குவார்ட்டர்பேக்தான். எதிரணி பாய்ந்து வரும்போது, பந்தை யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' மூலம் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதில் குவார்ட்டர்பேக்கைக் கணிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஏன் என்று புரிய, 1955 டிராஃப்டைப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டின் முதல் தேர்வு ஜார்ஜ் ஷா. எடுத்தது பால்டிமோர் கோல்ட்ஸ். 9-வது சுற்றில், 102-வது ஆளாக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது ஜானி யூனைட்டஸை. இருவருமே குவார்ட்டர்பேக்குகள்.

ரெஸ்யூமே சரியில்லையா?

யூனைட்டஸ் பிறந்தது 1933-ல், பிட்ஸ்பர்க்கில். 5 வயதில் அப்பா இறந்துவிட, நிலக்கரி விநியோகத் தொழிலை அம்மா எடுத்து நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒல்லியான உடம்பைப் பார்த்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. லூயிவில் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே அணியே பலவீனம். தோற்கும் அணியில் ஆடுபவரின் புள்ளிவிவரம் எப்படிப் பளிச்சென்று இருக்கும்?

பரீட்சையே வைக்காமல் ஃபெயில்

சொந்த ஊர் அணியே தேர்ந்தெடுத்தும் பலனில்லை. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் யூனைட்டஸைக் களத்தில் இறக்கவே இல்லை, அப்படியே அனுப்பிவிட்டார்கள். வியூகங்களைப் புரிந்துகொள்ளும் அறிவு அவருக்குப் போதாது என்று தலைமைப் பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங் கருதியதாகச் சொல்லப்படுகிறது. டேட்டா மொழியில் சொன்னால், சாம்பிள் பூஜ்ஜியம், முடிவு மட்டும் உறுதி.

பிறகு கட்டுமான வேலை. ஆட்டத்துக்கு 6 டாலர் சம்பளத்தில் உள்ளூர் அணி ஒன்றில் விளையாட்டு. 1956-ல் கோல்ட்ஸ் அவரை ஷாவுக்கு மாற்றாகச் சேர்த்தது. அந்த சீசனில் ஷாவுக்கு முழங்காலில் அடிபட, யூனைட்டஸ் களமிறங்கினார். எறிந்த முதல் பந்தே எதிரணி கையில் போய் டச் டவுன் ஆனது! அன்றைக்கே அவரை மறுபடி ஒதுக்கியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஷா காயத்தில் இருந்ததால், அடுத்த ஆட்டமும் அவருக்கே கிடைத்தது.

அதன்பின் நடந்தது

1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுன் பாஸ். இந்தச் சாதனையை 2012-ல்தான் டிரூ பிரீஸ் முறியடித்தார். 1958 இறுதிப்போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸை கூடுதல் நேரத்தில் 23-17 என வீழ்த்தியபோது, வியூகங்களைக் களத்திலேயே முடிவு செய்தவர் யூனைட்டஸ். அறிவு போதாது என்று கருதப்பட்ட அதே ஆள்தான்! 40,000 கெஜத்துக்கு மேல் பாஸ் எறிந்த முதல் குவார்ட்டர்பேக்கும் அவரே. 2002-ல் மாரடைப்பால் காலமானார்.

அப்போ, கணிப்பே வீணா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கழிக்கப்பட்ட எல்லோருமே யூனைட்டஸ் ஆவதில்லை. ஜெயித்தவரின் கதை நம் காதுக்கு வருகிறது. வாய்ப்பே கிடைக்காதவர்களின் கதை எந்தப் பட்டியலிலும் இருக்காது. கல்லூரி எண்கள் ஒருவரின் திறமையோடு அவருடைய அணியின் பலத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க, களத்தில் இறக்கிவிடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. அதுவும் ஒருமுறை சொதப்பினால் இன்னொரு ஆட்டம் தர வேண்டும்.

இன்று சிறந்த இறுதியாண்டு கல்லூரி குவார்ட்டர்பேக்குக்கு ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறார்கள். விருதின் பெயர்: ஜானி யூனைட்டஸ் கோல்டன் ஆர்ம்.