பனிக்கட்டியோடு மிதந்தவர்: ஃபிரிட்யோஃப் நான்சென்

வடதுருவக் கடலில் இன்று உல்லாசக் கப்பல்கள் ஓடுகின்றன. சூடேற்றிய அறையில் அமர்ந்து தேநீர் பருகியவாறே பனிக்கரடியைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் வீடு திரும்பிவிடலாம். 1893இல் அதே கடலுக்குள் 13 பேர் சென்றார்கள். எப்போது திரும்புவோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்கான உணவைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். கப்பலைப் பனிக்கட்டி சிறைபிடிக்கும் என்று அறிந்திருந்தார்கள். சொல்லப்போனால், சிறைபடுவதற்காகவே போனார்கள். அந்த விசித்திரமான பயணத்தின் தலைவர்தான் நார்வே நாட்டின் ஃபிரிட்யோஃப் நான்சென்.

நான்சென் 1861 அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவுக்கு அருகில் பிறந்தார். சிறு வயதிலேயே பனிச்சறுக்கில் வல்லவரானார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். 1882இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் ஆர்க்டிக் கடலுக்குச் சென்றபோது, தொலைவில் கிரீன்லாந்தைக் கண்டார். அந்தப் பனிநிலத்தைக் குறுக்கே கடக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே அவர் மனத்தில் வேரூன்றியது.

1888இல் அந்த ஆசை நிறைவேறியது. நரம்பு மண்டலம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வை முடித்த சில நாள்களிலேயே அவர் புறப்பட்டுவிட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் நாமெல்லாம் எங்கே போவோம் என்று எண்ணிப் பாருங்கள்! அவருக்கு முன் முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து தொடங்கினார்கள். இடர் வந்தபோது திரும்பிவிட்டார்கள். நான்சென் ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கினார். பின்னால் திரும்புவதற்கு ஊரே இல்லை என்றால் முன்னால்தானே போயாக வேண்டும்? அவரோடு சேர்த்து அறுவர் அந்தப் பனிநிலத்தைக் கடந்து முடித்தனர்.

பனியில் சிறைபட்ட கப்பல்

ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளுக்கிடையில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதன் பொருள்கள் சில, துருவத்துக்கு அப்பால் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. பலருக்கு அது வெறும் செய்தி. நான்சென்னுக்கோ அது வழிகாட்டி. உடைந்த பொருள்கள் பனியோடு மிதந்து துருவக் கடலைக் கடக்குமென்றால், உடையாத கப்பல் ஏன் கடக்கக் கூடாது?

நசுங்காத கப்பல் ஒன்றை அவர் கேட்டார். கப்பற்கட்டுநர் காலின் ஆர்ச்சர், ‘ஃபிராம்’ கப்பலை வடிவமைத்துக் கட்டினார். நார்வே மொழியில் அச்சொல்லுக்கு ‘முன்னோக்கி’ என்று பொருள். அதன் அடிப்பாகம் உருண்டையானது. பனிக்கட்டி இருபுறமும் நெருக்கும்போது, விரல்களுக்கிடையில் அழுத்திய புளியங்கொட்டை நழுவுவதுபோல் கப்பல் மேலே எழும்பிவிடும். அனுபவம் மிக்க துருவப் பயணிகள் பலர் இத்திட்டத்தைப் பித்துக்குளித்தனம் என்றே கருதினார்கள்.

1893 செப்டம்பரில் கப்பல் பனியில் உறைந்தது. அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்? குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதில்லை. கடிகாரம் சொன்னால்தான் காலை. மேல்தளத்தில் காற்றாடி ஒன்று சுழன்று மின்விளக்கை எரிய வைக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வெளியே சென்று வெப்பநிலையையும் காற்றையும் குறித்து வருவார். பனியில் துளையிட்டுக் கடலின் ஆழத்தை அளப்பார்கள். ஆழமற்றது என்று கருதப்பட்ட அக்கடல், பல இடங்களில் 3,000 மீட்டருக்கும் ஆழமானது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு உணவு, சீட்டாட்டம், நூல்கள். நோயாளிகள் அதிகம் இல்லாததால் மருத்துவர் பிளெஸ்ஸிங் கப்பலுக்குள் ஒரு செய்தித்தாளை நடத்தினார். துருவப் பயணிகளைக் கொன்று தின்ற ஸ்கர்வி நோய் அங்கே தலைகாட்டவே இல்லை.

எல்லாரும் நலமாக இருந்தார்கள். தலைவருக்குத்தான் நிம்மதி இல்லை. பனி நினைத்த திசையில் நகரவில்லை. முன்னே சென்றது, பின்னே வந்தது. நவம்பரில் கணக்கிட்டபோது, தொடங்கிய இடத்துக்கும் தெற்கே கப்பல் நின்றது! காத்திருப்பதையே திட்டமாக வகுத்த மனிதரால் காத்திருக்க முடியவில்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

கப்பலைவிட்டு இறங்கியவர்

கப்பல் துருவத்தைத் தொடாது என்று உறுதியானதும், 1895 மார்ச் 14ஆம் நாள், ஹியால்மர் யோஹான்சென் என்ற தோழரோடும் 28 நாய்களோடும் நான்சென் பனியில் இறங்கி நடந்தார். இருவரும் 86 பாகையைத் தாண்டினார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. ஆனால் அவர்கள் வடக்கே நடக்க நடக்க, காலடியிலிருந்த பனிக்கட்டி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. துருவம் இன்னும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். நான்சென் திரும்ப முடிவெடுத்தார்.

திரும்பும் வழியில் இருவரின் கடிகாரங்களும் நின்றுபோயின; தாங்கள் இருக்கும் இடமே சரியாகத் தெரியாமல் போனது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்கும் கொடுமையும் நேர்ந்தது. ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல்லால் குடில் அமைத்து, வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்து, கரடி இறைச்சியைத் தின்று எட்டு மாதங்களுக்கு மேல் கிடந்தார்கள். ஒரே உறைப்பைக்குள் ஒட்டிப் படுத்த அவர்கள் அதுவரை ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றுதான் அழைத்து வந்தார்களாம். அந்தப் புத்தாண்டை ஒட்டித்தான் ‘நீ’ என்பதற்கு மாறினார்கள். 1896 ஜூனில் நாய் குரைக்கும் ஒலி கேட்டுச் சென்ற நான்சென், தற்செயலாக ஆங்கிலேயப் பயணி ஃபிரெடரிக் ஜாக்சனைச் சந்தித்தார். இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆகஸ்டு 13ஆம் நாள் நான்சென் நார்வே மண்ணை மிதித்தார். அதே நாளில் ஃபிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது! கேப்டன் ஓட்டோ ஸ்வெர்ட்ருப் எஞ்சிய பத்துப் பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். வெறுமனே மிதந்த அக்கப்பல் எட்டிய வட எல்லைக்கும், நான்சென் உயிரைப் பணயம் வைத்து எட்டிய எல்லைக்கும் 40 கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான்.

வீரரைப் போற்றும்போது நிழலையும் மறைக்கக் கூடாது. புகழ் பெரும்பாலும் நான்சென்னையே சேர்ந்தது. யோஹான்சென் பின்னாளில் மதுவிலும் மனச்சோர்விலும் வீழ்ந்து, 1913இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நாடற்றவர்களின் கடப்பிதழ்

முதல் உலகப் போர் முடிந்தபோது நான்சென்னுக்கு வயது 57. ஓய்வெடுத்திருக்கலாம். 1920இல், ஐக்கிய நாட்டு நிறுவனத்துக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினர்.

1921இல் அவர் அகதிகளுக்கான உயர் ஆணையரானார். புரட்சிக்குப் பின் ரஷ்யாவைவிட்டு வெளியேறிய லட்சக்கணக்கானோரின் குடியுரிமையைப் புதிய அரசு பறித்துவிட்டது. தாள் இல்லாததால் அவர்களால் எல்லையைக் கடக்க முடியவில்லை. வேலை கேட்கவும் வழியில்லை. 1922இல் நான்சென் அவர்களுக்கென்று ஓர் அடையாளச் சான்றிதழை முன்மொழிந்தார். காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றுக்கொண்ட அதுவே ‘நான்சென் கடப்பிதழ்’. பின்னர் ஆர்மீனியருக்கும் அது வழங்கப்பட்டது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதை வைத்திருந்தவர்களே. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த தோட்டத்து முதியவர்களை அறிந்த நமக்கு, ஒரு துண்டுத் தாளின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1922ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை நிவாரணப் பணிகளுக்கே கொடுத்துவிட்டார். அவர் முன்னின்று ஆதரித்த கிரேக்க-துருக்கிய மக்கள் பரிமாற்றம், மத அடிப்படையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வேரோடு பெயர்த்தது. அந்தக் குறையும் அவர் வரலாற்றில் பதிவாகியே உள்ளது. 1930 மே 13ஆம் நாள் அவர் காலமானார்.

நண்பர்களே, படிப்பு முடிந்து வேலைக்கோ அனுமதிக் கடிதத்துக்கோ காத்திருக்கும் நாள்களில் எதுவுமே நகரவில்லை என்று நமக்குத் தோன்றும். ஃபிராம் கப்பலில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் அன்றாடம் வெப்பநிலையைக் குறித்தார்கள், ஆழத்தை அளந்தார்கள். அந்தக் குறிப்புகள் கடலியலுக்கு அடித்தளமாயின. அதோடு, அவர்களுக்கு ஐந்து ஆண்டு உணவும் திரும்புவதற்கு ஒரு நாடும் இருந்தன. அந்த இரண்டும் இல்லாமல் எல்லைகளில் நின்றவர்களை, காத்திருக்கத் தெரியாத அந்த மனிதர் மேலும் காக்கவைக்க விரும்பவில்லை. ஃபிராம் கப்பல் இன்றும் ஓஸ்லோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. என்றாவது அங்கே செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கடப்பிதழை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.