மீசை வைத்த அம்மா

‘மூச்சாளி மா’ என்னும் குசராத்தித் தொடருக்கு ‘மீசை வைத்த அம்மா’ என்பது பொருள். பவநகர் மக்கள் தம் பிள்ளைகளுக்கு வாய்த்த ஓர் ஆசிரியருக்கு அப்பெயரைச் சூட்டினர். அவரே கிஜுபாய் பதேக்கா.

சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்த அவர், பிழைப்புத் தேடி 1907இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். இரண்டு ஆண்டுகளில் நாடு திரும்பினார். பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913இல் மகன் பிறந்தான். அவனை எத்தகைய பள்ளியில் சேர்ப்பது என்னும் கவலை தந்தையைப் பற்றிக்கொண்டது. அந்நாளைய பள்ளிகளில் பிரம்பே ஆட்சி செய்தது; பொருள் விளங்காமலே பிள்ளைகள் பாடங்களை ஒப்பித்தனர். விடை தேடிய கிஜுபாய், இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையை ஆழ்ந்து கற்றார். 1916இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பவநகரிலிருந்த தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே ‘பால மந்திர்’ என்னும் மழலையர் பள்ளியைத் தோற்றுவித்தார். பாட்டும் கதையும் விளையாட்டுமே அங்குப் பாடங்கள்.

விளையாடிக்கொண்டிருந்தால் தேர்வில் எவ்வாறு தேறுவது? இவ்வினாவுக்கு அவர் தந்த விடையே ‘திவாஸ்வப்னம்’ என்னும் நூல். கற்பனைக் கதைதான், ஆயினும் பள்ளியில் பழகியவரால் மட்டுமே எழுதக்கூடியது. அதில் லட்சுமிராம் என்னும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டுப் பெறுகிறார். ஆண்டிறுதித் தேர்வு நடந்தே தீரும் என்று கல்வி அதிகாரி முன்னரே எச்சரிக்கிறார். முதல் நாளன்று அமைதி காக்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்குகிறார் ஆசிரியர். சிறுவர்களோ கூச்சலிட்டு அதனைக் குலைத்துவிடுகின்றனர்! தோல்வியை மறைக்காமல் எழுதியது கிஜுபாயின் நேர்மை. மறுநாள் ஆசிரியர் கதை சொல்லத் தொடங்குகிறார். அதே வகுப்பு மெய்ம்மறந்து கேட்கிறது. பின்னர் அந்தாட்சரியால் பாடல்கள் மனத்தில் பதிகின்றன. எழுதிய சொல்லைப் படித்து அதன்படி செய்து காட்டும் ஆட்டத்தால் இலக்கணமும் எளிதாகிறது. பிற ஆசிரியர்கள் எள்ளி நகையாடினாலும் லட்சுமிராம் தளரவில்லை. ஆண்டு முடிவில் அவர் மாணவர்களின் தேர்ச்சியைக் கண்டு அதிகாரி மகிழ்கிறார்.

குழந்தைகளுக்காகவும் பெற்றோர், ஆசிரியர்களுக்காகவும் ஏராளமான நூல்களை எழுதிய கிஜுபாய், 1939ஆம் ஆண்டு சூன் மாதம் மறைந்தார். திவாஸ்வப்னம் பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழில் அதன் பெயர் ‘பகல் கனவு’.