டவ் ஆற்றங்கரைக் கவிஞர் சார்லஸ் காட்டன்

காட்டன் என்னும் பெயரைக் கேட்டவுடன் காவிரிப் படுகை மக்களின் நெஞ்சில் தோன்றுபவர், 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுப்பிய பொறியாளர் ஆர்தர் காட்டனே ஆவார். அவர் பிறப்பதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஆறு ஒன்றனோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்ட வேறொரு காட்டன் இங்கிலாந்தில் தோன்றினார். அவர் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், தூண்டிற்கலை வல்லுநர், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடனாளியாகவே கழித்தவர். சிற்றாற்றில் மீன் பிடிக்கப் புகுவோன் தன் கோலை எவ்வாறு தேர்தல் வேண்டும் என்று அவர் எழுதிவைத்த சில பக்கங்கள், முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் படிக்கப்படுகின்றன.

பிறப்பும் இளமையும்

டார்பிஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் என்னும் இரு மாவட்டங்களின் எல்லையாக ஓடுவது டவ் ஆறு. சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே வளைந்து செல்லும் தெளிநீர்ச் சிற்றாறு அது. அதன் கரையிலுள்ள பெரஸ்ஃபோர்டு மாளிகையில் 1630ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் சார்லஸ் காட்டன் பிறந்தார். தந்தையார் பெயரும் சார்லஸ் காட்டனே. கவிஞர் பென் ஜான்சன் முதலிய புலவர் பெருமக்களோடு பழகியவர் அவர். 1658ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, மகனுக்கு நிலங்களோடு அவற்றின் மீதிருந்த கடனும் வந்து சேர்ந்தது. இலக்கிய வேட்கையும் கடன்சுமையும் ஒருசேரத் தந்தைவழிச் சொத்தாயின எனலாம்.

1656ஆம் ஆண்டில் இசபெல்லா ஹட்சின்சன் என்னும் நங்கையை மணந்த காட்டன், 1669ஆம் ஆண்டில் அவரை இழந்தார். பின்னர் ஆர்ட்கிளாஸ் பிரபுவின் கைம்பெண்ணாகிய மேரியை மணந்தார். அவ்வம்மையாரின் ஆண்டு வருவாய் பெரிதாயிருந்தும் கடன் தீரவில்லை. நிலங்களை விற்றுக் கடனடைக்கப் பாராளுமன்றத்தின் இசைவை நாடும் நிலைக்கும் அவர் ஆளானார்.

வால்டனின் நட்பு

இத்தகைய வாழ்வில் அவருக்கு வாய்த்த பெரும்பேறு, ஐசக் வால்டனின் நட்பாகும். லண்டனில் துணி வணிகராயிருந்து, கவிஞர் ஜான் டன் முதலியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வால்டன், 1653ஆம் ஆண்டில் தூண்டிற்கலை பற்றிய புகழ்பெற்ற உரையாடல் நூலை வெளியிட்டவர். காட்டனைவிட முப்பத்தேழு ஆண்டு மூத்தவர். எனினும் இளையவரை மகனாகவே கருதி அன்பு செலுத்தினார். 1674ஆம் ஆண்டில் காட்டன் டவ் ஆற்றங்கரையில் ஓரறைக் கல்வீடு ஒன்றைக் கட்டி, வாயிலின் மேல் தம் பெயரின் முதலெழுத்துகளையும் நண்பரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிப் பொறித்துவைத்தார். கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையார் நட்பைப் போற்றும் தமிழர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

வால்டன் புழு, தவளை முதலிய இரை கோத்துப் பிடிப்பதில் தேர்ந்தவர். இறகும் மயிரும் கொண்டு கட்டப்படும் செயற்கை ஈயால் மீன் பிடிக்கும் நுட்பத்தில் தம்மைவிட வல்லவர் காட்டனே என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, 1676ஆம் ஆண்டில் தம் நூலின் ஐந்தாம் பதிப்பு வெளிவரவிருந்தபோது, அப்பகுதியைக் காட்டனிடமே ஒப்படைத்தார். வால்டனுக்கு அப்போது வயது எண்பத்து மூன்றை நெருங்கியிருந்தது. காலம் தாழ்த்த இயலாதென உணர்ந்த காட்டன், பத்தே நாட்களில் அதனை எழுதி முடித்தார். வழிப்போக்கன் ஒருவனை டவ் ஆற்றங்கரைக்கு அழைத்துவந்து கலையைக் கற்பிப்பதாக அமைந்தது அந்நூல்.

கோலின் இலக்கணம்

டிரவுட் என்பது குளிர்ந்த ஓட்டநீரில் வாழும் மீன்; கண்கூர்மை மிக்கது; மனித நிழல் கண்டாலே கல்லிடுக்கில் மறையும். நீர்மேல் வந்தமரும் ஈயைப் பாய்ந்து கவ்வுவது அதன் இயல்பு. அதனைப் பிடிக்கும் கோலுக்குக் காட்டன் வகுத்த முதல் விதி, ஆற்றின் அகலமே கோலின் நீளத்தை வரையறுக்க வேண்டும் என்பதாகும். டிரவுட் வாழும் ஆற்றுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு அடி போதும். எத்துணை அழகுறச் செய்யப்பட்டதாயினும் அதனினும் நீண்ட கோல் கையை வருத்துமேயன்றிப் பயன் தாராது என்றார்.

இரண்டாவது, கோலின் எடை. யார்க்‌ஷயரில் செய்யப்பட்ட கோல்களையே அவர் சிறந்தனவாகக் கொண்டார். ஆறு முதல் பன்னிரண்டு துண்டுகளை இணைத்து, அடியில் நூலாலும் மேலே பட்டிழையாலும் கட்டிய கோல்கள் அவை. கைப்பிடிப் பக்கம் இலேசான ஃபர் மரமும், நுனிப் பக்கம் வேறு மரமும் அமைந்தமையால், நெடுங்கோலையும் ஒரு கையால் ஆள முடிந்தது. அடிமுதல் நுனிவரை சீராக மெலிந்து, சாட்டைபோல் வளைந்துகொடுப்பதே நற்கோலின் அடையாளம்.

மூன்றாவது, நீடித்த உழைப்பு. பருவம் முடிந்ததும் கோலைத் துண்டுதுண்டாகப் பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, அடுத்த பருவத்தில் மீண்டும் கட்டினால் புதியதுபோல் நேராக நிற்கும். எண்ணெயும் வண்ணமும் பூசினால் பல்லாண்டு உழைக்கும் என்றார். ஆண்டுதோறும் புதுக்கோல் வாங்கும் செலவு இதனால் மிச்சமாகும். கோலில் கட்டும் குதிரைமயிர்க் கயிறும், ஈயை நெருங்க நெருங்க மெலிந்து, முடிவில் இரண்டே மயிராதல் வேண்டும். மெல்லிய கயிற்றைத் தொலைவிலிருந்து வீசுதலே கலையின் தலையாய நெறி என்பது அவர் கருத்து.

வெண்ணாற்றின் கிளை வாய்க்காலில் கெண்டைக்குத் தூண்டில் போடும் சிறுவன், வாய்க்காலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, அதற்கேற்ற மூங்கிற்கழியை வெட்டிக்கொள்கிறான். காட்டனைப் படியாத அச்சிறுவனும் அவருடைய முதல் விதியை அறிந்தவனே.

இறுதிக்காலமும் புகழும்

ஆற்றின் அளவறிந்து கோலைத் தேர்ந்தவரால் வருவாயின் அளவறிந்து வாழ இயலவில்லை. கடன்காரர்க்கு அஞ்சி அவர் குகையொன்றில் ஒளிந்திருந்தார் என்பது அப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. 1681ஆம் ஆண்டில் பெரஸ்ஃபோர்டு மாளிகை கைமாறிற்று. ஈராண்டு கழித்து வால்டனும் மறைந்தார். அதன் பின்னரும் அவர் எழுதுகோலை வைத்துவிடவில்லை. பிரெஞ்சு அறிஞர் மாண்டேனின் கட்டுரைகளை மொழிபெயர்த்து 1685ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினார். 1687 பிப்ரவரியில் லண்டனில் உயிர்நீத்தார். எஞ்சிய உடைமைகளை நிருவகிக்கும் பொறுப்பை மனைவியும் மக்களும் ஏற்க மறுக்கவே, அது கடன் கொடுத்த பெண்மணி ஒருவரிடம் சென்றது.

அவருடைய கவிதைகள் 1689ஆம் ஆண்டில்தான் தொகுப்பாயின. பிற்காலத்தில் கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் அவற்றைப் பாராட்டினர். 1943ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிரிட்டன் அவருடைய மாலைப்பொழுதுக் கவிதைக்கு இசையமைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் ஓடைகளிலும் டிரவுட் மீன் வேரூன்றியது. அவலாஞ்சியில் அதற்கெனப் பொரிப்பகமும் அமைந்தது. அங்குத் தூண்டில் வீசியோரும் காட்டன் வகுத்த நெறிவழி வந்தவர்களே.

பெரஸ்ஃபோர்டு மாளிகை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. கடனுக்குப் போன நிலங்களும் எவரெவர் கைக்கோ சென்றன. நண்பருக்காகக் கட்டிய ஓரறைக் கல்வீடு மட்டும், பின்னிய எழுத்துகளோடு டவ் ஆற்றங்கரையில் இன்றும் நிற்கின்றது.