பரங்கிப்பேட்டை இரும்பாலையும் ஹீத் துரையும்

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு அணித்தாய், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. 1781-ம் ஆண்டில் ஹைதர் அலி ஆங்கிலேயரொடு பொருத களமென்றே சரித்திரம் பயில்வோர் அதனை நினைவுகூர்வர். உலைக்களத்தையே குலதனமாகக் கொண்ட நம் மரபினர்க்கோ அவ்வூரில் நினைத்தற்குரியது பிறிதொன்று. மேனாட்டு முறையில் பெருவுலை எடுத்து இரும்பு வார்த்த இந்நாட்டு முதன்முயற்சிகளுள் தலையாயது 1830-ம் ஆண்டில் அங்குத் தொடங்கிற்று. தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர்.

அவர் கும்பெனியாரின் சென்னை உத்தியோகத்தை விடுத்து இத்தொழிலிற் புகுந்தவர். சேலம் பக்கத்துக் கொல்லர் எஃகு செய்யும் விதத்தை நுணுகி நோக்கி எழுதிவைத்தார். மண் மூசையில் இரும்புத் துண்டுகளொடு உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் எருக்கிலையையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓருலையில் அடுக்கி ஊதினால் இரண்டரை மணியளவில் எஃகாகுமென்பதை அவர் பதிந்துள்ளார். எகிப்தியர் கருங்கல்லிற் சிற்பஞ் செய்ததும் இந்திய எஃகாலேயே என்பது அவர் கொள்கை. நம் முன்னோரின் கைவன்மையை இங்ஙனம் மதித்த ஐரோப்பியர் மிகச் சிலரே.

நிற்க, ஆலையின் கணக்கைப் பார்ப்போம். சரக்கில் குறையில்லை, பரங்கிப்பேட்டை இரும்பு ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளரால் விரும்பப்பட்டது. கும்பெனியார் பெருந்தொகை கடன் உதவினர். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் கிடைத்தது. துறைமுகம் வாயிலிலேயே இருந்தது. ஆயினும் காந்தக்கல் நூறு மைலுக்கு மேல் சேலத்திலிருந்து வரவேண்டும். அக்கல் எத்துணைத் தூயதாயினும் அதில் 100-க்கு 72 பங்குக்கு மேல் இரும்பு இராது. எஞ்சியதற்கும் கூலி கொடுத்தே தீரவேண்டும். இதனினும் கொடியது கரி. ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு வேண்டும்; பெருவுலையோ இரவும் பகலும் அணையாது உண்பது. அண்மைக் காடுகள் அழிய அழிய விறகு தூரம் போயிற்று, விலை ஏறிற்று. நம் கொல்லரின் சிற்றுலை காடு உள்ள இடத்துக்குப் பெயர்ந்து செல்லும். செங்கற் பெருவுலை எங்ஙனம் பெயரும்? கப்பலுக்கு அணிமையை எண்ணிய ஹீத், காட்டுக்கு அணிமையை அதே நிறையில் வைத்து எண்ணவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மலையாளத்து வேப்பூரில் வேறோர் ஆலை எடுத்தும் கும்பல் தேறவில்லை. 1853-ல் புதிய கம்பெனி ஏற்றும் பயனில்லை. 1870-களில் யாவும் அடங்கின.

ஹீத் அதற்கு முன்னரே இங்கிலாந்து சென்றிருந்தார். உருக்கெஃகில் மாங்கனீஸைக் கரியொடு சேர்த்த பொருளைச் சிறிதளவு இட்டால், மலிவான இரும்பிலிருந்தும் பற்றவைத்தற்கேற்ற நல்லெஃகு பெறலாமென்று கண்டு, 1839-ல் காப்புரிமை பெற்றார். எஃகின் விலை டன்னுக்கு 30 முதல் 40 பவுன் வரை இறங்கிற்று. இம்முறை கணக்கிலும் வென்றது. ஆனால் அவருடைய முகவராயிருந்த அன்வின், அச்சேர்க்கையை முன்னமே செய்யாது, மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டாலும் அதே பயன் விளைதலைக் கண்டார். பத்திரத்தில் அவ்வழி எழுதப்படவில்லை. ஷெபீல்டு முதலாளிகள் உரிமைப்பணம் தாராமலே பயன்கொண்டனர். ஹீத் வழக்காடி வழக்காடிப் பொருளிழந்து 1851-ல் இறந்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்து, 1855-ல் பிரபுக்கள் சபையில் அன்வின் பக்கம் தீர்ந்தது.