வாட்டர்லூ போரைப் பொம்மைகளால் மீட்ட கேப்டன் வில்லியம் சைபோர்ன்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்தை அறியாத தமிழர்கள் குறைவு. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தது, 1815 ஜூன் 18ஆம் தேதி இன்றைய பெல்ஜியத்தில் நடந்த வாட்டர்லூ போர். மாமன்னர் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற போர் அது. அந்த ஒரு நாளைப் பொம்மை வீரர்களைக் கொண்டு கண்முன் நிறுத்துவதற்காகக் கடனாளியானவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன்.

ராணுவ அதிகாரியின் மகனான சைபோர்ன், வாட்டர்லூவில் போரிடவில்லை. போர் முடிந்த பிறகே பிரான்சில் இருந்த படையுடன் சேர்ந்தார். நிலத்தை அளந்து வரைபடமாக்குவதில் தேர்ந்த அவர், அக்கலை பற்றி நூல்களும் எழுதினார். அந்தத் திறமையைக் கண்டு, 1830ஆம் ஆண்டில் தலைமைத் தளபதி ஹில் பிரபு போர்க்களத்தின் மாதிரியை உருவாக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

சைபோர்ன் போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே செயின்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். ஆனால் களம் பழையபடி இல்லை. சிங்கச் சிலை வைத்த நினைவு மேட்டை எழுப்ப, வெல்லிங்டன் பிரபுவின் படை நின்ற மேட்டிலிருந்தே மண் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

இதனால் போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்கு அவர் கடிதம் எழுதினார். அவர்களது படை எங்கு நின்றது, எதிரில் யார் இருந்தனர், வயலில் என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம் விசாரித்தார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன.

1833ஆம் ஆண்டில் அரசாங்கம் பணம் தர மறுத்தது. சைபோர்ன் பின்வாங்கவில்லை. கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். செலவு சுமார் 3,000 பவுண்டை எட்டியது. ஒரு ராணுவ அதிகாரியின் சம்பளத்தில் தாங்க முடியாத தொகை அது.

70,000க்கும் அதிகமான உலோகப் பொம்மைகள் நின்ற அந்த மாதிரி, 1838ஆம் ஆண்டில் லண்டன் பிக்காடிலியின் எகிப்தியன் மண்டபத்தில் காட்சிக்கு வந்தது. போரின் முடிவு தீர்மானமான மாலை நேரத்தை அது காட்டியது. ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தனர். ஆனாலும் கடன் தீரவில்லை.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. உதவிக்கு வந்த பிரஷியப் படை அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது என்பதில் வெல்லிங்டன் தரப்பு அவருடன் முரண்பட்டது. வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே அதன் உள்ளர்த்தம். பின்னர் சைபோர்ன் பிரஷியப் பொம்மைகளில் பலவற்றை அகற்றினார். அவர் மனம் மாறினாரா, நெருக்குதலுக்குப் பணிந்தாரா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

1844ஆம் ஆண்டில் அவர் பெரிய அளவிலான பொம்மைகளுடன் இரண்டாவது மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். பிற்பகலில் பிரிட்டிஷ் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படை மீது பாய்ந்த காட்சி அது. அந்தத் தாக்குதலில் இரண்டு பிரெஞ்சுக் கழுகுக் கொடிகள் கைப்பற்றப்பட்டன. ஆனால் வேகத்தை அடக்காமல் வெகுதூரம் சென்ற குதிரை வீரர்கள் பலர் திரும்பவில்லை. தளபதி வில்லியம் பொன்சன்பியும் மாண்டார். அதே ஆண்டில் சைபோர்ன் எழுதிய போர் வரலாறும் வெளிவந்தது.

1849 ஜனவரியில் அவர் காலமானார். மாதிரிகளில் போட்ட பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

முதல் மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அரும்பொருளகத்திலும், குதிரைப்படை மாதிரி லீட்ஸ் நகர ராயல் ஆர்மரிஸ் அரும்பொருளகத்திலும் உள்ளன. கடிதங்களில் ஒரு பகுதியை அவரது மகன் 1891ஆம் ஆண்டில் நூலாக்கினார். பொம்மைகளைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காகத் திரட்டிய அக்கடிதங்களைப் புரட்டாமல் இன்று வாட்டர்லூ போரைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை.